குருணை வேலை செய்யவில்லையா? ராமநாதபுரம் கடற்கரைக்கான பிழை நீக்கும் வழிமுறை

கரித்தூள், களிமண், இரும்பு ஆக்சைடு, கைட்டோசான், ஆல்ஜினேட் இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்து உருட்டிய நுண்துளைக் கலப்புக் குருணைகளைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. தண்ணீரிலோ காற்றிலோ உள்ள மாசு, குருணையின் உள்துளைச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதன் வேலை. நம் கரையில் மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. சீமைக்கருவேலக் கரி முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. இறால் உரிக்கும் ஷெட்டுகளில் கைட்டோசானுக்கு வேண்டிய தோடு குவிகிறது. ஆல்ஜினேட் எடுக்கும் கட்டக்கோரைப் பாசி மண்டபம் பக்கம் கடலிலேயே வளர்கிறது. அதனால் கல்லூரிப் பிள்ளைகள், மகளிர் குழுக்கள், கருவாட்டு வியாபாரிகள் என்று பலரும் செய்து பார்க்கிறார்கள். செய்த பிறகு வரும் புகார்கள்தான் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன.

எல்லோரும் முதலில் குருணையைத்தான் குறை சொல்வார்கள். என் கணிப்பில், இந்தக் கரையில் முதல் சந்தேகம் தண்ணீரில் உள்ள உப்பின் மேலும், காற்றில் உள்ள ஈரத்தின் மேலும் விழ வேண்டும். புத்தகத்தில் படித்த செய்முறை வாலைவடித்த தண்ணீருக்கும் உலர்ந்த காற்றுக்கும் எழுதப்பட்டது. நம்மிடம் அந்த இரண்டுமே கிடையாது.

தொடங்கும் முன்

கையில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு மில்லிகிராமில் காட்டுவது), பி.எச். தாள் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டுவது), சமையலறைத் தராசு, இருபது லிட்டர் கேன் தண்ணீர் இருந்தால் போதும். மீன்தொட்டிக் கடையில் மருந்தாக விற்கும் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் ஒரு புட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். துணியில் பட்டால் போகாது, பழைய சட்டையோடு உட்காருங்கள்.

இரண்டு பாட்டில்களில் ஒரே அளவு குருணை போடுங்கள். ஒன்றில் ஆர்.ஓ. செய்த, அதாவது சவ்வு வழியே செலுத்தி உப்பு நீக்கிய, கேன் தண்ணீர், மற்றதில் உங்கள் கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு மாசைக் கலந்து, ஒரே நேரம் வைத்துப் பாருங்கள். கேன் தண்ணீரில் பிடித்து கிணற்றுத் தண்ணீரில் பிடிக்காவிட்டால் குருணையில் குறையில்லை, தண்ணீரைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டிலும் பிடிக்காவிட்டால்தான் குருணையைத் திருத்த வேண்டும். இந்த ஒரு சோதனை செய்யாமல் கீழே எதையும் தொடாதீர்கள்.

“ஃபில்டர் வைத்தும் உப்புக் கரிப்பு குறையவில்லை”

குறையாது. இது பிழையே அல்ல, தவறான எதிர்பார்ப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஆழ்துளைக் கிணற்றில் டி.டி.எஸ். 3000 என்றால் பத்து லிட்டரில் 30 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு கிராம் குருணை 100 மில்லிகிராம் உப்பைப் பிடிக்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், பத்து லிட்டருக்கே 300 கிராம் குருணை வேண்டும். அடுத்த பத்து லிட்டருக்கு இன்னொரு 300 கிராம். உண்மையில் கரி, சோடியத்தையும் குளோரைடையும் அந்த அளவுக்கு ஒட்டவே விடாது.

குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயத்தில் டி.டி.எஸ். 500 வரை இருக்கலாம் என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை என்றும் இருக்கிறது. அதற்கு மேல் போனால் ஆர்.ஓ.தான் வழி. நரிப்பையூரில் ஆர்.ஓ. ஆலை வைத்ததும் அதனால்தான். குருணைக்கு இங்கேயும் ஒரு வேலை உண்டு: ஆர்.ஓ.வுக்கு முன்னால் நின்று குளோரினையும் கரிமப் பொருளையும் பிடிப்பது. குளோரின் பட்டால் ஆர்.ஓ. சவ்வு கெட்டுப்போகும். காவிரி கூட்டுக் குடிநீரைத் தொட்டியில் பிடித்து ஆர்.ஓ.வுக்கு விடுகிறவர்களுக்கு இது அவசியம்.

“தண்ணீர் கறுப்பாக வருகிறது, வழவழவென்று இருக்கிறது”

கறுப்பு, கரித்தூள். குருணையைச் சல்லடையில் போட்டுத் தூளை நீக்கி, கழுநீர் தெளியும்வரை கழுவவில்லை என்று அர்த்தம். கழுவியும் கறுப்பு நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் பிணைப்பு போதவில்லை, குருணை உரசி உதிர்கிறது.

வழவழப்பு, சாம்பல். கரிமூட்டக் கரியில் பொட்டாசியம், கால்சியம் கார்பனேட்டுகள் தங்கியிருக்கும். அவை கரைந்து பி.எச்.ஐ 9க்கு மேலும் ஏற்றிவிடும். எலுமிச்சைச் சாறோ நீர்த்த வினிகரோ விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் சரியாகும். ஆனால் குருணையில் கைட்டோசான் இருந்தால் அமிலத்தைத் தொடாதீர்கள். ஏன் என்று அடுத்து வருகிறது.

இன்னொன்று, உலர்ந்த குருணையை அப்படியே குழாயில் கொட்டினால் துளைக்குள் காற்று அடைத்துக்கொண்டு பாதி மிதக்கும். முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவிடுங்கள்.

“உருண்டைகள் ஊதிப் பெருத்து கொழகொழவென்று ஆகிவிட்டன”

இந்தக் கரைக்கே உரிய கோளாறு இதுதான். உள்நாட்டில் ஒரு பருவம் முழுக்கத் தாங்குகிற ஆல்ஜினேட் உருண்டை இங்கே சில நாளில் கூழாகிவிடும்.

ஆல்ஜினேட் உருண்டை எப்படி உருவாகிறது? சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் கரித்தூளைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். சொட்டு விழுந்த கணமே மேல்தோல் கெட்டியாகிறது. ஆல்ஜினேட்டின் நீண்ட இழைகளைக் கால்சியம்தான் குறுக்கே கட்டி நிறுத்துகிறது. கால்சியத்துக்கு இரண்டு கைகள், இரு பக்க இழையையும் பிடிக்கும். சோடியத்துக்கு ஒரு கைதான். சோடியம் மிகுந்த தண்ணீரில் போட்டால் கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, அந்த இடத்தில் சோடியம் உட்கார்ந்துகொள்கிறது. கட்டு அவிழ்கிறது, உருண்டை தண்ணீரைக் குடித்துப் பெருக்கிறது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியத்துக்கு எதிரே 10,800 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. கடல் கலந்த கிணற்றில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

உறுதிசெய்ய ஒரு வழி. கிணற்றுத் தண்ணீரில் சில உருண்டைகளும் கேன் தண்ணீரில் சில உருண்டைகளும் ஒரு நாள் கிடக்கட்டும். பிறகு விரலிடுக்கில் வைத்து அழுத்துங்கள். கேன் தண்ணீர் உருண்டை ரப்பர் மாதிரி எதிர்த்து நிற்கும். சோடியம் தின்ற உருண்டை, ஓரத்தில் கண்ணாடி போல வெளிறி, நடுவில் மட்டும் கறுப்புத் தெரியும். அழுத்தினால் தோல் வழுக்கிக் கழன்று, கரிச்சாந்து விரலில் அப்பிக்கொள்ளும். அதைப் பார்த்தால் இனி வேறு காரணம் தேட வேண்டாம். சோப்புத் தண்ணீர் கலந்த கழிவுநீராக இருந்தால் அதிலுள்ள பாஸ்பேட்டும் இதே வேலையைச் செய்யும், கால்சியத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

சரி, என்ன செய்வது? கொஞ்சம் மென்மையானதுமே கண்டுபிடித்துவிட்டால், எடுத்து கால்சியம் குளோரைடு கரைசலில் ஓர் இரவு ஊறவைத்தால் மீண்டும் இறுகும். ஆனால் அது நாள் கடத்துவதுதான். அடுத்த முறை கலவையில் பென்டோனைட் களிமண் கொஞ்சம் சேருங்கள், கால்சியத்தில் ஊறும் நேரத்தைக் கூட்டுங்கள், உருண்டைக்கு மேல் கைட்டோசான் பூச்சு கொடுங்கள். ஆல்ஜினேட்டின் எதிர்மின்னும் கைட்டோசானின் நேர்மின்னும் ஒன்றையொன்று இழுத்து, உப்பை ஓரளவு தாங்கும் தோலாகிவிடும்.

டி.டி.எஸ். சில ஆயிரங்களைத் தாண்டுகிற இடத்தில் ஆல்ஜினேட்டையே விட்டுவிடுங்கள் என்பேன். களிமண்ணும் கரித்தூளும் பிசைந்து உருட்டி, நன்றாகக் காயவைத்து, மண்பானைக்குள் போட்டு மூடி, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசி அடைத்துச் சூளையில் வையுங்கள். காற்றுப் புகுந்தால் கரி முழுக்க எரிந்து வெறும் மண்ணுருண்டைதான் மிஞ்சும். வெப்பம் 600 டிகிரியைத் தாண்ட வேண்டும். அதற்குக் கீழே சுட்டது தண்ணீரில் கரைந்து சேறாகும். இப்படிச் சுட்ட குருணையைச் சோடியம் ஒன்றும் செய்ய முடியாது.

கைட்டோசான் மட்டும் வைத்துச் செய்த உருண்டைக்கு எதிரி சோடியம் அல்ல, அமிலம். பி.எச். 6.5க்குக் கீழே இறங்கினால் கரையத் தொடங்கும். நாம் அதை உருவாக்கும்போதே நீர்த்த அசிட்டிக் அமிலத்தில்தானே கரைக்கிறோம். ஆய்வகங்களில் குளுட்டரால்டிஹைடு போட்டு இறுக்குவார்கள். அது நஞ்சு, குடிநீர்க் குருணைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

“சாயம்கூடப் பிடிக்கவில்லை”

கேன் தண்ணீரில் நீலம் தெரியும் அளவுக்கு மெத்திலீன் புளூ விட்டு, ஒரு கரண்டி குருணை போட்டு, இரண்டு மணி நேரம் அவ்வப்போது குலுக்குங்கள். நீலம் அப்படியே இருந்தால் குருணைக்குள் துளை இல்லை, அல்லது துளைவாய் அடைபட்டிருக்கிறது.

கரிமூட்டத்தில் வரும் கரி அடுப்புக்கு அருமையானது. நுண்துளைக்கு அது போதாது. உள்ளே தார் அடைத்துக்கொண்டிருக்கும். 800, 900 டிகிரியில் நீராவி பாய்ச்சியோ பாஸ்பாரிக் அமிலம் ஊறவைத்துச் சுட்டோ அதைத் திறக்க வேண்டும். அப்படித் திறந்த ஒரு கிராம் கரிக்குள் 500 முதல் 1500 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். இந்த வேலையை வீட்டுக் கொல்லையில் செய்யாதீர்கள். தேங்காய்ச் சிரட்டை ஆக்டிவேட்டட் கார்பனைக் கடையில் வாங்கி, அதில் உங்கள் கலப்பைச் செய்வது மலிவு, பத்திரமும்கூட.

நல்ல கார்பன் வாங்கியும் பிடிக்கவில்லை என்றால் பிணைப்புப் பொருள் கூடிவிட்டது. களிமண்ணோ ஆல்ஜினேட்டோ துளைவாயைப் பூசி மூடியிருக்கும். பிணைப்பைக் குறைத்து மறுபடி உருட்டிப் பாருங்கள்.

“முதலில் நன்றாகப் பிடித்தது, அப்புறம் விட்டுவிட்டது”

எப்படி விட்டது என்பதைக் கவனியுங்கள். நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக மாசு கூடி வந்தால் குருணை நிறைந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். முதல் நாளிலிருந்தே பாதிதான் பிடித்தது என்றால் தண்ணீர் அவசரமாக ஓடுகிறது, அல்லது ஒரு பக்கமாக வழி கண்டுபிடித்துவிட்டது.

வேகத்தைச் சரிபார்க்க ஓர் எடுத்துக்காட்டு. நாலு அங்குல பி.வி.சி. குழாயில் 60 செ.மீ. உயரத்துக்குக் குருணை என்றால் படுகையின் கொள்ளளவு சுமார் 4.7 லிட்டர். பத்து நிமிடமாவது தண்ணீர் உள்ளே தங்க வேண்டும் என்றால் நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் விடலாம். பதினைந்து லிட்டர் குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். நம்மவர்களுக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை, குழாயைத் திறந்துவிட்டு இரண்டு நிமிடத்தில் குடத்தை நிரப்பிவிடுகிறார்கள். அப்போது தண்ணீர் குருணையோடு இருப்பது நாற்பது விநாடிக்கும் குறைவு. குழாயின் வெளிவாயைச் சிறிதாக்கிவிடுங்கள். சொல்லித் திருத்துவதைவிட அது சுலபம்.

ஓரமாக வழிந்தோடுகிறதா என்று பார்க்க, மேலே மெத்திலீன் புளூ ஒரு கரண்டி விட்டு, கண்ணாடிப் பாட்டில் போன்ற ஒளிபுகும் குழாயில் கவனியுங்கள். நீல வளையம் மட்டமாக இறங்க வேண்டும். ஒரு பக்கம் நாக்கு நீட்டினால் அங்கே ஓட்டை. குழாயின் விட்டம் குருணையின் விட்டத்தைப் போல் பத்து மடங்குக்குக் குறையக் கூடாது. இரண்டு அங்குலக் குழாயில் சுண்டைக்காய் அளவு உருண்டை போட்டால் சுவரோரமாகத்தான் ஓடும். கீழிருந்து மேலாகத் தண்ணீர் ஏற்றிப் படுகையைக் கலைத்து மறுபடி அமரவிடுங்கள்.

படுகையின் மேல்பகுதி துருநிறத்தில் அப்பிக்கொண்டிருந்தால் அது கிணற்று இரும்பு. பூமிக்குள் கரைந்து நிறமற்று இருந்தது, காற்றுப் பட்டதும் துருவாகிப் படிகிறது. தண்ணீரை முதலில் ஒரு தொட்டியில் உயரத்திலிருந்து விழவிட்டு, மணல் படுகையில் வடித்துப் பிறகு குருணைக்கு அனுப்புங்கள்.

“லேபில் 90 சதவீதம் போச்சு, ஊர்த் தண்ணீரில் பாதிகூடப் போகவில்லை”

ஃபுளோரைடுக்கோ ஆர்செனிக்குக்கோ இரும்பு, அலுமினா கலந்த குருணை செய்கிறவர்கள் சொல்வது. முதலில், உங்கள் தண்ணீரில் அந்த மாசு இருக்கிறதா என்று குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, ஆர்செனிக் 0.01ஐத் தாண்டக் கூடாது. இல்லாத நோய்க்கு மருந்து வேண்டாம்.

இருக்கிறது என்று தெரிந்தால் பி.எச்.ஐப் பாருங்கள். இரும்பு ஆக்சைடும் அலுமினாவும் அமிலப் பக்கம் நேர்மின்னேற்றம் கொண்டிருக்கும், காரப் பக்கம் எதிர்மின்னேற்றத்துக்கு மாறும். மாறும் இடம் பெரும்பாலும் பி.எச். 7க்கும் 9க்கும் நடுவில். ஃபுளோரைடும் ஆர்செனேட்டும் எதிர்மின் கொண்டவை. பி.எச். 8.5 உள்ள கிணற்றில் குருணையே அவற்றைத் தள்ளிவிடத் தொடங்கும். லேபில் பி.எச். 6இல் சோதித்துவிட்டு இங்கே கொண்டுவந்து வைத்தால் ஏமாற்றம்தான். ஆக்டிவேட்டட் அலுமினா ஃபுளோரைடை நன்றாகப் பிடிப்பது 5.5, 6 பக்கத்தில்.

அடுத்தது போட்டி. பைகார்பனேட் கூடினால் ஃபுளோரைடுக்குத் தொல்லை, பாஸ்பேட்டும் சிலிக்காவும் ஆர்செனிக்கின் இடத்தைப் பிடிக்கும். குளோரைடு அவ்வளவு கெடுதல் செய்யாது, ஆனால் ஆயிரக்கணக்கில் நின்றால் அதுவும் இடம் கேட்கும். சோதனைத் தண்ணீரைக் கேன் தண்ணீரில் தயாரிக்காமல் உங்கள் ஊற்றுத் தண்ணீரிலேயே தயாரியுங்கள். அந்த எண்தான் நம்பத் தகுந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு ஆர்செனிக் நீக்க உருவாக்கிய அம்ரித் முறையும் இரும்பு ஆக்சி ஹைட்ராக்சைடை வைத்துத்தான். இரும்பின் வழி சரியான வழிதான், தண்ணீரை ஒத்துப் பார்க்காமல் வைப்பதுதான் தப்பு.

மெத்திலீன் புளூ மறைந்ததே என்று இங்கே நம்பிவிடக் கூடாது. அது நேர்மின் சாயம். களிமண்ணும் ஆல்ஜினேட்டும் அதைச் சும்மாவே இழுத்துக்கொள்ளும். ஃபுளோரைடைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

உலோகத்தைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துச் செய்யும் நுண்துளைப் பொருள்களான உலோக-கரிமக் கட்டமைப்புகளுக்கு (மோஃப்) 2025இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்த பிறகு, அந்தப் பொடியைக் கலக்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கலக்கலாம், ஆனால் எது என்று பார்த்து. துத்தநாகத்தில் செய்த மோஃப்-5 காற்றின் ஈரத்துக்கே உடைந்துபோகும். சிர்கோனியத்தில் செய்த யு.ஐ.ஓ-66 தண்ணீரைத் தாங்கும்.

“இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் அழுகிய முட்டை நாற்றம்”

தேங்கிய படுகையில் பாக்டீரியா வளர்ந்து, தண்ணீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக்குகிறது. கடல் கலந்த கிணற்றில் சல்பேட்டுக்குக் குறைவில்லை. கரி கிருமியைக் கொல்லாது, குடிவைக்கும். தேங்கிய தண்ணீரைக் கொட்டி, சுட்ட களிமண் குருணையானால் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். நீண்ட நாள் வெளியூர் போனால் வடித்து உலர்த்திவிட்டுப் போங்கள். குடிக்கும் தண்ணீரை எப்படியும் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

“கருவாட்டு ஷெட்டில் வைத்த பெட்டி நாற்றத்தைப் பிடிக்கவே இல்லை”

நாற்றத்தைப் பிடிக்கக் குருணை நிரப்பி வைக்கும் காற்றுப் பெட்டிக்கு இங்கே எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் நீராவி கரியின் நுண்துளைக்குள்ளேயே தண்ணீராகி உட்கார்ந்துகொள்ளும். நம் கரையில் அதிகாலையில் 80 சர்வசாதாரணம். சிலிக்கா ஜெல்லும் ஜியோலைட்டும் இன்னும் மோசம், நாற்றத்தை விட்டுவிட்டுத் தண்ணீரையே முதலில் பிடிக்கும்.

ஒரு கைப்பிடி குருணையை எடுத்து எடை போடுங்கள். வாணலியில் இளஞ்சூட்டில் ஒரு மணி நேரம் வறுத்து மறுபடி போடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் உங்கள் பெட்டி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது என்று பொருள்.

பெட்டியைத் திறந்ததும் முன்துணியில் வெள்ளைப் பொருக்குத் தெரிந்தால் அது கடலுப்பு. தென்மேற்குக் காற்றான கச்சான் வலுக்கும்போது இது அதிகம். உப்பு, 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் தானே நீர்த்துவிடும். இரவில் கசிந்து குருணைக்குள் இறங்கும், பகலில் காய்ந்து துளைவாயை அடைக்கும். காற்று இழுக்கும் வாயைக் கடலுக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். முன்னால் ஒரு பஞ்சு வடிகட்டி வைத்து நல்ல தண்ணீரில் அடிக்கடி அலசுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நாற்றம் போகவில்லையா? எந்த நாற்றம் என்று கேட்க வேண்டும். மீன் வாடை டிரைமெத்திலமீன், அதோடு அமோனியாவும் இருக்கும். இரண்டும் காரம். வெறும் கரி அவற்றைச் சரியாகப் பிடிக்காது, சிட்ரிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ ஊறவைத்த கரி வேண்டும். முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. அதற்கு இரும்பு ஆக்சைடு குருணையோ காரம் ஊறிய கரியோ வேண்டும். வேடிக்கை என்னவென்றால் இங்கே கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் நன்றாக வேலை நடக்கும். அமிலக் கரியையும் காரக் கரியையும் ஒரே பெட்டியில் கலக்காதீர்கள், ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். தனித்தனித் தட்டுகளாக வையுங்கள்.

ஐஸ் ஃபாக்டரியில் அமோனியா கசிந்தால் பெட்டியைத் தேடாதீர்கள். வெளியே ஓடுங்கள்.

“வெயிலில் காயவைத்தேன், திரும்பவும் பிடிக்கவில்லை”

வெயில் தண்ணீரைத்தான் விரட்டும். காற்றுப் பெட்டியில் ஈரம் மட்டுமே பிரச்சினை என்றால் அதுவே போதும். சாயமும் எண்ணெயும் கரியை விட்டுப் போக நூற்றுக்கணக்கான டிகிரி வேண்டும். ஃபுளோரைடு பிடித்த அலுமினாவை நீர்த்த காஸ்டிக் சோடாவில் கழுவி, பிறகு அமிலத்தால் சமன்செய்வார்கள். அந்தக் கழுநீரில் ஃபுளோரைடு செறிந்து கிடக்கும் என்பதால் வீட்டில் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆர்செனிக் பிடித்த குருணையைக் கண்மாயிலும் கடற்கரையிலும் கொட்டக் கூடாது. மூடிய வாளியில் தனியே சேர்த்து, என்ன செய்வதென்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். குளோரின் மட்டும் பிடித்த கரியைத் தென்னை மூட்டில் போடலாம்.

ஹைட்ரஜன் சல்பைடு பிடித்துக் கறுத்துப்போன இரும்புக் குருணையை மட்டும் உலர்ந்த நிலையில் குவித்துவைக்காதீர்கள். இரும்பு சல்பைடு காற்றுப் பட்டதும் சூடேறும், குவியலாக இருந்தால் தானே தீப்பிடிக்கும். பெட்டியிலிருந்து எடுக்கும்போதே தண்ணீர் தெளித்து, ஓலைக் கொட்டகையை விட்டுத் தள்ளித் தரையில் மெல்லிசாகப் பரப்பி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு அவ்வப்போது கிளறிவிடுங்கள். கறுப்பு மாறி முழுக்கத் துருநிறத்துக்கு வந்த பிறகு மூட்டை கட்டலாம்.